காசின் பிழையும் காலத்தின் வடுவும்



வரலாறு கற்பிப்பதையே தொழிலாகக் கொண்டு முப்பது ஆண்டுகட்கு மேல் வகுப்பறையில் நின்றவன் நான். அக்காலத்தில் மாணவர்க்கு நான் சொன்ன விடைகள் பல்லாயிரம் இருக்கும். அவற்றுள் ஒரே ஒரு விடையை மட்டும் இன்று வரை என்னால் மறக்க இயலவில்லை. அது தவறான விடை என்பதால் மட்டுமன்று. பாராமலே சொன்ன விடை என்பதால். அந்நிகழ்ச்சியைக் கூறியே இவ்வுரையைத் தொடங்குகிறேன்.

1986-ஆம் ஆண்டு. நான் ஆசிரியப் பணியில் சேர்ந்து இரண்டே ஆண்டுகள் ஆகியிருந்தன. ஒன்பதாம் வகுப்பில் ஆங்கிலேயர் ஆட்சிக்காலத்துப் பொருளாதாரம் பற்றிய பாடம். வீட்டில் பழைய காசுகள் இருந்தால் கொண்டு வருமாறு மாணவர்களிடம் கூறியிருந்தேன். மறுநாள் பலரும் கொண்டு வந்தனர். அவர்களுள் ஒருவன் தன் பாட்டியின் சுருக்குப்பையிலிருந்து ஒரு காலணாவை எடுத்து வந்திருந்தான். அதன் ஒரு புறத்தில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் முகம் இருந்தது. மறு புறத்தில் 'காலணா' என்ற எழுத்தும் ஆண்டும் இருக்க வேண்டிய இடத்தில், அதே மன்னரின் முகம் குழிவாக, கண்ணாடியில் தெரிவது போல இடம் வலமாக மாறித் தெரிந்தது.

"ஐயா, இது எப்படி வந்தது?" என்று கேட்டான் அவன்.

நான் அதைக் கையில் வாங்கினேன். ஒரு கணம் பார்த்தேன். "யாரோ இரண்டு காசுகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்து நசுக்கியிருக்கிறார்கள் தம்பி. கெட்டுப்போன காசு, இதற்கு மதிப்பொன்றும் இல்லை" என்றேன். வகுப்பு சிரித்தது. அவன் காசை வாங்கிக்கொண்டு தன் இடத்தில் போய் அமர்ந்தான்.

அந்த விடை சரியா, தவறா? அதனை ஆராய்வதற்கு முதலில் ஒரு காசு எவ்வாறு பிறக்கிறது என்பதை நாம் அறிந்துகொள்ள வேண்டும்.

காசு அடிக்கும் இடத்திற்கு நம் முன்னோர் அக்கசாலை என்று பெயரிட்டனர். பாண்டியரின் பழந்துறையாகிய கொற்கைக்கு அருகே அக்கசாலை என்ற பெயருடைய ஊர் இன்றும் இருக்கிறது. சென்னையில் தங்கசாலைத் தெருவின் பெயரும் அங்கே காசு அடித்த காலத்தின் நினைவே. அக்கசாலை எந்த நாட்டில் இருந்தாலும், எந்த நூற்றாண்டில் இருந்தாலும், அங்கே நடைபெறும் வேலை மூன்று கூறுகளை உடையது. முதலாவது, உலோகத்தைத் தகடாக்கி, வட்டமான வில்லைகளாக வெட்டுவது. இரண்டாவது, எஃகில் அல்லது வேறு உறுதியான உலோகத்தில் உருவத்தையும் எழுத்தையும் தலைகீழாகவும் பள்ளமாகவும் செதுக்கி அச்சு செய்வது. மூன்றாவது, வில்லையை இரண்டு அச்சுகளுக்கு இடையே வைத்து அடிப்பது. பண்டைக்காலத்தில் கீழச்சைப் பட்டடையில் பதித்து, மேலச்சைக் கையில் பிடித்துச் சம்மட்டியால் அடித்தனர். பின்னர் இயந்திரம் அந்த வேலையை ஏற்றுக்கொண்டது. வில்லை, அச்சு, அடி என்னும் இம்மூன்றில் எதில் தவறு நேர்ந்தாலும் அஃது அக்கசாலைப் பிழை. அடி முடிந்து காசு வெளியே வந்த பின்னர் நேர்வன எல்லாம் சிதைவு. கீறல், தேய்வு, துளை, நசுக்கம், அரிப்பு ஆகிய யாவும் அதில் அடங்கும். இந்தப் பிரிவினையை உள்ளத்தில் இருத்திக்கொண்டால் பாதி வழி கடந்தவர்களாவோம்.

மீதிப் பாதிக்கு ஒரு சிறு விதி துணை செய்யும். அச்சில் பள்ளமாக இருப்பது காசில் மேடாக வரும். அச்சில் மேடாக இருப்பது காசில் பள்ளமாக வரும். அச்சு வெடித்துவிட்டதாகக் கொள்வோம். அந்த வெடிப்பு ஒரு பள்ளம். அடிக்கும்போது உலோகம் அதற்குள் புகுந்து, காசின்மேல் மெல்லிய மேட்டுக் கோடாக எழும். ஆனால் காசின்மேல் யாரேனும் ஆணியால் கீறினால் அது பள்ளமாகவே இருக்கும். அதோடு, ஒதுக்கப்பட்ட உலோகம் அப்பள்ளத்தின் கரையில் வரப்புப் போல ஒதுங்கி நிற்கும். ஏர் உழுத சாலின் இரு பக்கமும் மண் ஒதுங்குவதை நீங்கள் கண்டிருப்பீர்கள்; அதைப் போன்றதே இது. ஆகவே ஒரு கோட்டைக் கண்டவுடன், அது மேடா, பள்ளமா என்று பாருங்கள். விளக்கொளியை நேர்மேலிருந்து விழச் செய்யாமல் பக்கவாட்டில் சாய்த்து விழச் செய்தால் மேடும் பள்ளமும் தெளிவாகப் புலப்படும்.

இவ்விதி எவ்வளவு பயன்படும் என்பதற்கு அமெரிக்க நாட்டிலிருந்து ஓர் எடுத்துக்காட்டுக் கூறுகிறேன். அந்நாட்டின் ஐந்து செண்டு காசு ஒன்றில் முன்பு காட்டெருமையின் உருவம் பொறிக்கப்பட்டிருந்தது. 1937-ஆம் ஆண்டில் டென்வர் நகர அக்கசாலையில், ஓர் அச்சில் ஏற்பட்ட வடுக்களைப் போக்குவதற்காகப் பணியாளர் ஒருவர் அதனை அளவுக்கு மீறித் தேய்த்துவிட்டார். எருமையின் முன்னங்கால் ஒன்று அச்சிலிருந்தே மறைந்துபோயிற்று. அவ்வச்சிலிருந்து மூன்று காலெருமைகள் பிறந்தன. அவற்றைச் சேகரிப்போர் பெருவிலை கொடுத்து வாங்கத் தொடங்கியதும், நல்ல காசிலிருந்து ஒரு காலை அரத்தால் அராவி எடுத்து விற்கும் கூட்டமும் தோன்றிற்று. இரண்டையும் எவ்வாறு பிரித்தறிவது? உண்மைக் காசில் எருமையின் வயிற்றின்கீழே சிறு சிறு புள்ளிகள் வரிசையாக மேடிட்டு நிற்கும். அச்சில் இருந்த சிறு பள்ளங்களின் பதிவு அது. அராவிய காசில் அப்புள்ளிகள் இரா. கால் இருந்த இடத்தில் அரத்தின் கீறல்கள் பள்ளமாகத் தெரியும். காலை எடுத்துவிடலாம், இல்லாத மேட்டை அரத்தால் உண்டாக்க முடியுமா?

இனி, வில்லையில் நேரும் பிழையைப் பார்ப்போம். உலோகத் தகட்டிலிருந்து வில்லைகளை வெட்டும்போது, தகடு சரியாக நகரவில்லை என்றால், முன்பே வெட்டிய துளையின்மேல் வெட்டுக்கருவி மீண்டும் விழும். அப்போது வில்லையின் ஓரத்தில் பிறை வடிவில் ஒரு பகுதி இல்லாமற்போகும். நம் வீட்டுப் பெண்கள் மாவை வட்டமாக அறுக்கும்போது, ஒரு வட்டம் மற்றொன்றின்மேல் ஏறினால் அதன் ஓரம் குறைவதில்லையா? அவ்வாறே இதுவும். அடிபடும்போது, இந்தக் குறையுள்ள வில்லையின் உலோகம் சீராகப் பரவாது. அதனால், பிறை வெட்டுக்கு நேர் எதிரே உள்ள விளிம்பும் மங்கலாக இருக்கும். இதனை நாணயவியலார் பிளேக்ஸ்லி விளைவு என்பர். வெட்டின் ஓரத்தில் உள்ள எழுத்துகளும் சற்று இழுபட்டுத் தேய்ந்து முடியும். இதற்கு மாறாக, நல்ல காசைப் பிற்காலத்தில் ஒருவர் கத்தரித்திருந்தால், எழுத்து வெட்டின் இடத்தில் திடீரென்று அறுந்து நிற்கும். எதிர்ப்புற விளிம்பு முழுமையாக இருக்கும். குறையுள்ள இடத்தை மட்டுமே பார்ப்பவன் ஏமாறுவான்; அதற்கு எதிரே உள்ள இடத்தையும் பார்ப்பவனே உண்மையை அறிவான்.

நம் தாத்தா பாட்டியர் காலத்து ஓட்டைக் காலணாவை உங்களுள் சிலர் பார்த்திருக்கலாம். இரண்டாம் உலகப் போரின்போது உலோகத் தட்டுப்பாட்டினால் 1943 முதல் நடுவில் துளையிட்டே அக்காசு வெளியிடப்பட்டது. அந்தத் துளை பிழையன்று, சிதைவுமன்று, அமைப்பே அதுதான். ஆனால் துளை நடுவிலிருந்து விலகி ஓரத்தில் இருந்தால் அஃது அக்கசாலைப் பிழை. துளையில்லாத வேறு காசில் துளையைக் கண்டால், அதன் பின்புறத்தைத் திருப்பிப் பாருங்கள். ஆணி வெளிவந்த புறத்தில் உலோகம் பிதுங்கிச் சிதறியிருக்கும். காசுமாலையில் கோத்த வெள்ளிக்காசுகளில் வளையம் பற்றவைத்த தடம் விளிம்பில் இருக்கும். இவை யாவும் சிதைவுகளே.

மூன்றாவதாக, இரட்டை உருவம். எழுத்துகள் இரண்டிரண்டாகத் தெரியும் காசுகளைக் கண்டு மயங்குவோர் மிகப் பலர். இதில் பெயர் பெற்றது, 1955-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பிலடெல்பியா அக்கசாலையில் அடித்த ஒரு செண்டு காசு. அச்சுகளைச் செய்வதற்குத் தாய் அச்சு ஒன்று உண்டு. அதை எஃகில் அழுத்தியே அச்சு எடுப்பர். ஒரு முறை அழுத்தியது போதாதென்று மறுமுறை அழுத்தும்போது, சற்றே திரும்பிவிட்டது. ஆகவே அச்சிலேயே ஆண்டும் எழுத்துகளும் இரண்டாக விழுந்துவிட்டன. அந்த அச்சில் அடித்த காசுகள் இருபதினாயிரத்திற்கும் மேல் மக்களிடையே பரவின என்று நாணயவியலார் கணக்கிடுவர். இத்தகைய காசில் இரண்டு எழுத்துகளும் முழு உயரத்துடன் உருண்டு திரண்டு நிற்கும். ஓர் எழுத்தின் மூலையில் மற்றொன்று பிரியும் இடத்தில் சிறு பிளவு தெளிவாகத் தெரியும். இதற்கு மாறாக, அடிக்கும் வேளையில் அச்சு தளர்ந்து அசைந்தாலும் இரட்டைத் தோற்றம் உண்டாகும். ஆனால் அது படிக்கட்டுப் போலத் தட்டையாக, எழுத்தின் பருமனைக் குறைத்து நிற்கும். அது அரிதன்று, அதற்குச் சிறப்பு மதிப்பும் இல்லை. காசு வெளிவந்தபின் பட்ட அடியால் எழுத்து ஒரு பக்கமாக நசுங்கி இரட்டை போலத் தோன்றுவதும் உண்டு.

பிழை எது, சிதைவு எது என்று கேட்கும் முன்னர், அக்காலத்து வழக்கம் எது என்றும் கேட்க வேண்டும். நம் நாட்டின் மிகப் பழைய காசுகளாகிய வெள்ளி முத்திரைக் காசுகளைக் காணுங்கள். அவை சதுரமாகவும் நீள்சதுரமாகவும் இருக்கும், மூலைகள் வெட்டப்பட்டிருக்கும். 'யாரோ வெள்ளியைத் திருடியிருக்கிறார்கள்' என்று நினைக்கத் தோன்றும். உண்மை அதுவன்று. காசின் எடை சரியாக, ஏறத்தாழ 3.4 கிராம் அளவில் நிற்க வேண்டும் என்பதற்காக அடித்தவர்களே மூலையை நறுக்கினர். முத்திரைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருப்பதும் பிழையன்று. தனித்தனி முத்திரைகளை ஒவ்வொன்றாகக் குத்தியதன் விளைவு. முகலாயர் காலத்து ரூபாய்கள் பலவற்றில் எழுத்தின் ஒரு பகுதி விடுபட்டிருக்கும். அச்சு பெரிது, வில்லை சிறிது; ஆகவே எல்லா எழுத்தும் விழ இடமில்லை. இவற்றையெல்லாம் பிழையென்று கொண்டால், பிழை நம்முடையதே ஆகும்.

வெள்ளிக்காசுகளின் மேல் சிறு சிறு குறிகள் வெட்டியிருப்பதையும் பார்க்கலாம். காசு மாற்றும் சராப்புகள் உள்ளே வெள்ளிதானா, செம்பா என்று சோதித்த அடையாளம் அது. காசு நோட்டம் பார்ப்பவரைப் பழந்தமிழர் வண்ணக்கர் என்றழைத்தனர். சங்கப் புலவர் சிலரின் பெயரிலேயே வண்ணக்கன் என்ற சொல் இடம் பெற்றிருக்கிறது. காசைத் தட்டியும் நிறுத்தும் உண்மை கண்ட தொழில், நம் நாட்டில் இரண்டாயிரம் ஆண்டுத் தொன்மை உடையது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

சிதைவு என்றவுடன் அதனைத் தாழ்வாகக் கருதவும் கூடாது. 1898-ஆம் ஆண்டில் புதுக்கோட்டைச் சீமையில் கறுக்காக்குறிச்சி என்னும் ஊரருகே 501 உரோமானியப் பொற்காசுகள் கிடைத்தன. அவற்றுள் பத்தில் ஒன்பதுக்கும் மேலானவற்றில், பேரரசரின் முகத்தின் குறுக்கே உளியால் வெட்டிய வடு இருந்தது. ஒன்றிரண்டு காசுகளில் மட்டும் இருந்தால் தற்செயல் எனலாம். நூற்றுக்கணக்கில், அதுவும் முகத்தின் மேலேயே இருப்பது எங்ஙனம் தற்செயலாகும்? வெட்டு முகத்தின் மேட்டை அறுத்துக்கொண்டு பள்ளமாகச் செல்வதால், அஃது அக்கசாலையில் நேர்ந்ததன்று என்பது தெற்றென விளங்கும். இனி இது காசாகச் செல்லாது, வெறும் பொன்னாகவே நிறுத்து வாங்கப்படும் என்பதற்காக வெட்டினர் என்பது அறிஞர் கூறும் காரணங்களுள் ஒன்று. கடல் கடந்து வந்த காசு இங்கே எவ்வாறு நடத்தப்பட்டது என்ற செய்தியை அந்த வடுவே நமக்குச் சொல்கிறது. வடுவில்லாத உரோமானியக் காசு உரோமின் வரலாற்றைச் சொல்லும்; வடுப்பட்ட காசு தமிழகத்தின் வரலாற்றையும் சேர்த்துச் சொல்லும்.

கடலும் காசைச் சிதைக்கும். சென்னை மாகாணத்தில் வழங்குவதற்காக இங்கிலாந்தில் பர்மிங்காம் நகரத்துச் சோகோ அக்கசாலையில் 1808-ஆம் ஆண்டு இட்டு அடித்த செப்புக்காசுகளை ஏற்றிக்கொண்டு, 'அட்மிரல் கார்டனர்' என்னும் கும்பினிக் கப்பல் புறப்பட்டது. 1809 சனவரியில் அது கெண்டுக் கடற்கரைக்கு அப்பால் குட்வின் மணல்திட்டில் மோதி மூழ்கிற்று. 1980-களில் அக்காசுகள் இலட்சக்கணக்கில் மேலே எடுக்கப்பட்டன. அவற்றுள் சில இன்று அடித்தவை போல் மின்னுகின்றன. பல உப்புநீரால் அரிக்கப்பட்டு, எழுத்து மெலிந்து காணப்படுகின்றன. அரிப்பினால் மெலிந்த காசை, அச்சில் எழுத்து விழாத காசு என்று சிலர் சொல்லக்கூடும். தராசில் வையுங்கள். அச்சில் எழுத்து விழாவிட்டாலும் உலோகம் குறையாது. எடை சரியாக நிற்கும். அரிப்பு உலோகத்தையே தின்றுவிடுவதால் எடை குறையும். ஆங்கிலேயர் 1835-இல் வகுத்த வெள்ளி ரூபாயின் எடை 180 கிரெய்ன், அதாவது ஏறத்தாழ 11.66 கிராம். இத்தகைய அளவைத் தெரிந்து வைத்திருந்தால் நகைக்கடைத் தராசே நமக்கு ஆசிரியர் ஆகிவிடும்.

ஓவியர் செய்யும் பிழையும் ஒன்று உண்டு. அதை இவற்றோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளக் கூடாது. 1911-ஆம் ஆண்டு ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் ரூபாயில், அரசரின் மேலங்கியில் இருந்த யானைச் சின்னம் பன்றியைப் போலத் தோன்றுகிறது என்று மக்கள் மனம் புண்பட்டனர். அடித்தவை ஏறத்தாழ 94 இலட்சம். வெளியே சென்றவை ஏறத்தாழ 7 இலட்சம். மற்றவை நிறுத்தி வைக்கப்பட்டு உருக்கப்பட்டன. மறு ஆண்டே உருவம் திருத்தப்பட்டது. அங்கே வில்லையும் சரி, அச்சும் சரி, அடியும் சரி. வரைந்த கையே தவறியது.

நிற்க. என் மாணவன் கொண்டு வந்த காலணாவிற்கு வருவோம்.

அக்காசைப் பற்றி நான் தீர்ப்புக் கூறி மூன்று ஆண்டுகள் கழிந்தபின், நாணயவியல் நூலொன்றைப் படித்துக்கொண்டிருந்தேன். அதில் உரோமானிய வெள்ளிக்காசு ஒன்றின் படம் இருந்தது. ஒரு புறம் பேரரசரின் முகம் மேடாக. மறு புறம் அதே முகம் குழிவாக, இடம் வலம் மாறி. கீழே அதன் காரணம் விளக்கப்பட்டிருந்தது. அடிபட்ட காசு சில வேளைகளில் கீழே விழாமல் மேலச்சிலேயே ஒட்டிக்கொள்ளும். பணியாளர் அதைக் கவனியாமல் அடுத்த வில்லையை வைத்து அடிப்பார். அப்போது வில்லையின் கீழ்ப்புறத்தில் வழக்கம் போல அச்சு பதியும். மேற்புறத்திலோ, ஒட்டிக்கொண்ட காசின் முகமே குழிவாகப் பதிந்துவிடும். பண்டைச் சம்மட்டியிலும் இது நேர்ந்தது. இற்றை இயந்திரத்திலும் நேர்கிறது.

படித்தவுடன் நூலை மூடி வைத்துவிட்டேன். அந்தக் காலணா என் கண்முன் வந்து நின்றது.

ஆயினும் நான் சொன்ன விடை முற்றிலும் ஆதாரமற்றது என்றும் கூற முடியாது. இரண்டு காசுகளை வைத்து, பட்டறைகளில் உள்ள 'வைஸ்' என்னும் இறுக்கியில் நெருக்கினால், இதைப் போன்ற குழிவு முகத்தை ஒருவர் செயற்கையாகவும் உண்டாக்க முடியும். எனவே, இரண்டையும் பிரித்தறியும் முறை தெரிந்திருக்க வேண்டும். முதலாவது, குழிவு முகத்தின் அடியில் பழைய எழுத்தின் மிச்சம் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். அக்கசாலைப் பிழையில் அந்தப் புறத்தில் வேறு அச்சே படவில்லை. ஆகவே மிச்சம் இருக்க வழியில்லை. நெருக்கிய காசிலோ, 'காலணா' என்ற எழுத்தின் நிழல் எங்கேனும் ஓர் ஓரத்தில் எஞ்சியிருக்கும். இரண்டாவது, மறுபுறத்தைத் திருப்பிப் பார்க்க வேண்டும். அக்கசாலைப் பிழையில் அங்கே மேட்டு முகம் கூர்மையாக இருக்கும். இறுக்கியில் நெருக்கிய காசில் மூக்கும் கன்னமும் இரும்பில் அழுந்தித் தட்டையாகியிருக்கும். எடை இரண்டிலும் ஒன்றாகவே இருக்குமாதலால், இங்கே தராசு உதவாது, கண்ணே உதவும்.

என் மாணவனின் காசில் எழுத்தின் மிச்சம் இருந்ததா? மன்னரின் மூக்கு தட்டையாக இருந்ததா? எனக்குத் தெரியாது. ஏனெனில் நான் பார்க்கவில்லை. திருப்பிப் பார்க்க ஒரு நொடி போதும். அந்த நொடியை நான் செலவிடவில்லை.

அந்த மாணவன் அப்போது பள்ளிப் படிப்பை முடித்திருந்தான். சில நாள் கழித்துச் சான்றிதழ் வாங்குவதற்காகப் பள்ளிக்கு வந்தான். ஆவலோடு அவனை அழைத்து, "தம்பி, அந்தக் காலணா இருக்கிறதா?" என்று கேட்டேன்.

"இல்லை ஐயா. அன்றைக்கே பள்ளிக்கூடத்துக் கிணற்றில் போட்டுவிட்டேன். மதிப்பில்லை என்று நீங்கள்தாமே சொன்னீர்கள்?" என்றான்.

அவன் குரலில் குறை சொல்லும் தொனி சிறிதும் இல்லை. ஆசிரியர் சொன்னார், மாணவன் நம்பினான். அந்த நம்பிக்கைதான் எனக்குத் தாங்க முடியாததாக இருந்தது. அவனுக்கு அந்தக் காசு பாட்டியின் சுருக்குப்பையில் இருந்த காசு என்பதையாவது நான் நினைத்திருக்க வேண்டும்.

இதற்கு நேர்மாறாக நடந்த ஒன்றையும் கூறுகிறேன். 1943-ஆம் ஆண்டில், போருக்குச் செம்பு வேண்டியிருந்ததால், அமெரிக்க நாடு தன் ஒரு செண்டு காசைத் துத்தநாகம் பூசிய எஃகில் அடித்தது. முந்திய ஆண்டின் வெண்கல வில்லைகள் சில இயந்திரத்தில் தங்கியிருந்து, அவற்றின்மேல் 1943 என்ற ஆண்டு பதிந்துவிட்டது. 1947-இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பதினாறு வயது மாணவன் ஒருவனுக்குப் பள்ளி உணவுச்சாலையில் கிடைத்த சில்லறையில் அத்தகைய காசு ஒன்று வந்தது. அவன் அரசாங்கக் கருவூலத் துறைக்கு எழுதிக் கேட்டான். அந்த ஆண்டில் செப்புக்காசு அடிக்கப்படவே இல்லை என்று விடை வந்தது. அவன் கிணற்றில் போடவில்லை, வைத்துக்கொண்டான். வாழ்நாள் முழுதும் வைத்திருந்தான். 2019 சனவரியில் அக்காசு ஏலத்தில் 2,04,000 டாலருக்கு விலைபோயிற்று. அரசாங்கமே மறுத்துச் சொன்னாலும், கையில் இருக்கும் சான்று சான்றுதான்.

அதே காசுக்குப் போலிகளும் ஏராளம். எஃகுக் காசுக்குச் செம்பு முலாம் பூசுவர். காந்தத்தை அருகில் கொண்டு சென்றால் அது ஒட்டிக்கொள்ளும், வெண்கலம் ஒட்டாது. எடையிலும் வேறுபாடு உண்டு: எஃகுக் காசு 2.7 கிராம், வெண்கலக் காசு 3.11 கிராம். 1948-ஆம் ஆண்டுக் காசில் எட்டின் இடப்பக்கத்தை அராவி மூன்றாக்குவாரும் உண்டு. உண்மையான 1943-இல் மூன்றின் வால் நீண்டு வரிசைக்குக் கீழே இறங்கும். அராவிய மூன்றுக்கு அந்த வால் இராது. பாருங்கள், நம்பாமல் மறுப்பதும் தவறாக முடியலாம். சோதிக்காமல் நம்புவதும் தவறாக முடியலாம்.

இதை இக்காலத்து மாணவர்களுக்கு அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஓய்வு பெற்ற பின்னர், கல்லூரி மாணவர் ஒருவர் என்னிடம் ஓர் ஒற்றை ரூபாய்க் காசைக் கொண்டு வந்தார். அகன்று, மெலிந்து, எழுத்து மங்கியிருந்தது. அக்கசாலைப் பிழை என்று சொல்லி ஒருவர் அவருக்கு அதை விற்றிருந்தார். மூன்று மாதப் பேருந்துக் கட்டணத்தை அதற்குக் கொடுத்திருந்தார் அம்மாணவர். இம்முறை நான் அவசரப்படவில்லை. கண்ணாடியை வைத்து இரு புறமும் பார்த்தோம். இரண்டு புறத்திலும் எழுத்துகள் ஒரே திசையில் இழுபட்டிருந்தன. விளிம்பு முழுவதும் வழிந்து மெல்லியதாகியிருந்தது. அச்சில் விழுந்த அடி நேராக இறங்கும். ஒரு பக்கமாக இழுக்காது. தண்டவாளத்தில் காசை வைத்து இரயில் ஏறுவதற்காகக் காத்திருக்கும் சிறுவர் விளையாட்டை நீங்கள் அறிவீர்கள். அதுதான் அங்கே நடந்திருந்தது. நான் சொல்வதற்கு முன்பே, "ஐயா, இது அச்சில் அடித்ததில்லை போலிருக்கிறதே" என்று அவரே சொன்னார். பணம் போயிற்று, ஆனால் காணும் முறை அவருக்குக் கிடைத்தது. பழைய காசுகளையும் நோட்டுகளையும் வாங்குவதாகவும் விற்பதாகவும் தன் பெயரைப் பயன்படுத்தி ஏமாற்றுவோரைப் பற்றி இந்திய ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டில் பொதுமக்களுக்கு எச்சரிக்கை விடுத்ததையும் இங்கே நினைவூட்டுகிறேன்.

உங்கள் வீட்டில் பழைய காசு இருந்தால், அதைப் புளியிட்டோ சாம்பலிட்டோ துலக்காதீர்கள். துலக்கினால் காசின் மேற்பரப்பில் இருக்கும் சான்று போய்விடும். பின்னர் எந்த வண்ணக்கரும் அதைப் படிக்க முடியாது. ஓர் உருப்பெருக்கிக் கண்ணாடி, ஒரு காந்தம், ஒரு தராசு, சாய்ந்து விழும் ஒளி - இவை போதும். வில்லையா, அச்சா, அடியா என்று வரிசையாகக் கேளுங்கள். மூன்றிலும் விடை கிடைக்காவிட்டால் சிதைவு என்று கொள்ளுங்கள். சிதைவு என்று தெரிந்த பின்னும், யார் சிதைத்தார், எதற்காகச் சிதைத்தார் என்று ஒரு கேள்வி மிஞ்சி நிற்கும். புதுக்கோட்டைப் பொற்காசுகளில் அந்தக் கேள்வியே வரலாறாயிற்று.

நாணயம் என்ற சொல்லுக்கு நம் மொழியில் காசு என்றும் நேர்மை என்றும் இரு பொருள் உண்டு. காசின் நாணயத்தைச் சோதிப்பவனுக்கு வேண்டிய நாணயம், பார்த்ததை மட்டும் சொல்வதும், பாராததைச் சொல்லாமல் இருப்பதுமே. அந்த நிகழ்ச்சிக்குப் பின்னர் நான் பணியில் இருந்த காலமெல்லாம், மாணவர் எதைக் கொண்டு வந்து நீட்டினாலும், "இரு தம்பி, திருப்பிப் பார்ப்போம்" என்று சொல்வதை வழக்கமாக்கிக்கொண்டேன். பழைய மாணவர்கள் சிலர் என்னைக் கண்டால் இன்றும் அந்தச் சொல்லைச் சொல்லிச் சிரிப்பார்கள். அந்தச் சொல் எந்தக் கிணற்றிலிருந்து வந்தது என்பது அவர்களுக்குத் தெரியாது. இன்று உங்களுக்குச் சொல்லிவிட்டேன்.